ஹால்வர் அனுப்பிய டெண்டர்

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நான் பேய் பிசாசுக்குப் பயந்தவன் அல்ல. நகராட்சி டெண்டர் பிரிவில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டுகிறவன். இது என் கண்முன்னால் நடந்தது. அதுவும் நள்ளிரவில் இல்லை, பகல் பன்னிரண்டு மணிக்கு. என்ன, நார்வேயின் வடகோடியில் ஜனவரி பிறக்கும்போது பகல் பன்னிரண்டும் கும்மிருட்டுதான்.

முதலில் ஹால்வரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ச் சாலைகளில் பனி வாரும் ஒப்பந்தம் வெகு காலமாக அவரிடம் இருந்தது. அப்போது எல்லாம் காகிதம். ஒட்டிய உறையைக் கீழே வரவேற்பு மேசையில் கொடுக்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கும் யூருன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதி, 'டக்'கென்று முத்திரை குத்துவாள். பன்னிரண்டு மணியோடு கெடு முடிந்துவிடும். ஒரு வருஷம் ஹால்வரின் உறையில் 12.03 என்று விழுந்தது. எங்கள் பிரிவுத் தலைவர் ஆஸ்கைர், மூன்று நிமிடம் தாமதம் என்று சொல்லி, உறையைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார். ஒப்பந்தம் ஆஸ்கைரின் மச்சானுக்குப் போனது.

ஹால்வர் சண்டை போடவில்லை. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "பார்த்துக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் குளிர்காலத்திலேயே அவருடைய லாரி துறைமுக வளைவில் கடலுக்குள் பாய்ந்தது. வழுக்கியதா, அவரே விட்டாரா, யாருக்கும் தெரியாது. அவரையும் லாரியையும் எடுத்தார்கள். முன்னால் மாட்டியிருந்த, பனி வழிக்கும் இரும்புத் தகடு மட்டும் கிடைக்கவே இல்லை.

பிறகு எல்லாம் கணினிக்கு மாறியது. ஆஸ்கைர் முடிந்தமட்டும் இழுத்தடித்துப் பார்த்தார், மேலிடம் விடவில்லை. இப்போது டெண்டர் இணையத்தில்தான் வரும். எத்தனை வந்திருக்கிறது என்பது தெரியும்; யார் அனுப்பியது என்பது கெடு முடியும்வரை தெரியாது. அதற்குப் பிறகும் இரண்டு பேர் தனித்தனிக் கடவுச்சொல் போட்டால்தான் திறக்கும். சுவர்க் கடிகாரமும் முத்திரைக் கட்டையும் குப்பைக்குப் போயின.

கணினியில் நாங்கள் கேட்ட முதல் டெண்டரே பனி வாரும் வேலைக்குத்தான். அன்று ஆஸ்கைரும் நானும் மாடியில் உட்கார்ந்திருந்தோம். திரையில் 'வந்தவை: 2' என்று இருந்தது. இந்த முறை நழுவினால் மச்சான் வண்டியை விற்க வேண்டியதுதான் என்று காலையிலிருந்தே ஆஸ்கைர் புலம்பிக்கொண்டிருந்தார். பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டியைக்கூடப் பாதிதான் தின்றார்.

11.58.

கீழே... 'டக்'.

"என்னது அது?" என்றார்.

"முத்திரை குத்தற மாதிரி இருக்கு."

"யூருன் எதையாவது கீழே போட்டிருப்பா."

யூருன் அன்று காய்ச்சலென்று வரவே இல்லை. கீழே யாருமே இல்லை. எனக்கு அது தெரியும். அவருக்கும் தெரியும்.

திரையில் எண் மாறியது. மூன்று.

ஈர டீசல் நெடி படிக்கட்டு வழியாக ஏறி வந்தது...

12.00. டெண்டர் பூட்டிக்கொண்டது. என் கடவுச்சொல்லைப் போட்டேன். ஆஸ்கைர் முதல் தடவை தப்பாகப் போட்டார்.

மூன்றாவது திறந்தது. பெயர், ஹால்வர் மோ. மின் கையொப்பம் செல்லும் என்று பச்சை அடையாளம். விலை போட வேண்டிய இடம் காலி. ஒரே ஒரு வரிதான் இருந்தது.

'வேலை தொடங்கும் நேரம்: இன்று, 12.03.'

அப்போது 12.01.

"எவனோ விளையாடறான். இதை அழிச்சிடு."

"அழிக்க முடியாது, ஆஸ்கைர். இது காகிதம் இல்லை."

அவர் முகம் வெளிறிவிட்டது. மச்சானைப் பார்த்துவிட்டு வருவதாக முணுமுணுத்தார். கோட்டைக்கூடச் சரியாகப் போட்டுக்கொள்ளாமல் இறங்கி ஓடினார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

12.03.

கர்ர்ர்ர்...

இரும்பு, சாலையை வழிக்கும் சத்தம். அன்று பனியே பெய்யவில்லை.

ஜன்னலுக்கு ஓடினேன். தூரத்தில் அவர் காரின் சிவப்பு விளக்குகள். அதன் பின்னால் வண்டி எதுவும் இல்லை.

ஆனால் தெருவிளக்கு வெளிச்சத்தில், சாலையோரம் கிடந்த பழைய பனி... தானாகப் புரண்டு... அவர் பின்னாலேயே போயிற்று.

கர்ர்ர்ர்...

சிவப்பு விளக்குகள் துறைமுகப் பக்கம் திரும்பி மறைந்தன.

துறைமுக வளைவில் காரைக் கண்டுபிடித்தார்கள். நாலு பக்கமும் கூரைக்கு மேல் பனிச்சுவர், தகடு வைத்து வழித்து அழுத்தியதுபோல் வழவழவென்று. கதவு திறக்கவில்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, புகைக்குழாயைப் பனி அடைத்திருந்தது, புகை முழுக்க உள்ளே. அவர் போன் செய்து கதறியிருக்கிறார். ஆம்புலன்ஸ் வந்து, மண்வெட்டியால் வெட்டி வெளியே எடுத்தார்கள். உயிர் இல்லை. ஊரில் பனி வாரும் வண்டி மச்சானுடையது ஒன்றுதான். அது முந்தின நாளிலிருந்து பட்டறையில் கழற்றிப் போட்டுக் கிடந்தது.

இறுதிச் சடங்கு முடிந்து காபி குடிக்கும்போது யூருன் என்னைத் தனியாக அழைத்தாள்.

"அந்த வருஷம் ஹால்வர் நேரத்துக்குத்தான் வந்தாரு. அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆஸ்கைர் நாற்காலி போட்டு ஏறி, அந்தக் கடிகாரத்தை முன்னால தள்ளி வெச்சதை நான் பார்த்தேன். வேலை போயிடும்னு வாயை மூடிக்கிட்டேன்."

செத்தவர்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை, பொய் சொல்வானேன்.

அவரைப் பரிசோதித்த டாக்டர் அங்கே வந்திருந்தார். ஊருக்குப் புதியவர். ஹால்வர் என்ற பெயரையே கேள்விப்படாதவர். அவராகவே என்னிடம் வந்து, வருத்தத்தோடு சொன்னார்.

"பாவம். வெளியே எடுத்தப்போ உடம்பு சூடாத்தான் இருந்துச்சு. ஒரு மூணு நிமிஷம்... மூணே நிமிஷம் லேட் ஆயிடுச்சு."