அம்மா தோல் உரித்த குளிர்காலம்

பச்சைத் தோலிலிருந்து கொழுப்பைச் சுரண்டும்போது வரும் வாடையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். கறிக்கடை வாடையும் நனைந்த நாயின் வாடையும் கலந்து, கொஞ்சம் இனிப்பாக, தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த வாடை என்றாலே எனக்கு 1997-ன் குளிர்காலம், டெக்சாஸில் ஆலன் என்ற ஊர், என் பத்து வயது, முழங்கைவரை ரப்பர் கையுறை மாட்டிய என் அம்மா.

பாளையங்கோட்டையிலிருந்து நாங்கள் அங்கே போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு ஒரு தொலைபேசிக் கருவிக் கம்பெனியில் வேலை. அம்மாவுக்கு 'டிபென்டன்ட் விசா'. அதாவது சமைக்கலாம், காரோட்டலாம், படிக்கக்கூடச் செய்யலாம், சம்பளம் மட்டும் வாங்கக் கூடாது. ஊரில் ஒரு பெண்கள் கல்லூரியில் எட்டு வருடம் விலங்கியல் 'டெமான்ஸ்ட்ரேட்டர்' ஆக இருந்தவள் அவள். மாணவிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, எலியின் தோலை ஒரு கீறலில் விலக்கி நரம்பு நரம்பாகக் காட்டிய அந்தக் கை, இப்போது இரண்டு அறை அபார்ட்மென்டின் கார்பெட்டை ஒரே நாளில் இரண்டு தடவை 'வேக்யூம்' பண்ணிக்கொண்டிருந்தது. அவளால் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போதும் நின்றுகொண்டே சாப்பிடுவாள். டிவி போட்டுவிட்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடப்பாள். அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்குக் கால் குடையும்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் 'லேப் டெக்னீஷியன்' படிப்பு. ஜனவரியில் ஒரு பாடமாவது சேர்ந்துவிட வேண்டும், கிரீன் கார்டு வரும் நாளில் கையில் சான்றிதழோடு நிற்க வேண்டும். ஒரு பாடத்துக்கு இருநூறு டாலருக்குக் கொஞ்சம் மேலே.

"கார்டு வரட்டும் மெர்சி. ஒரு சம்பளத்துல ஊருக்கும் அனுப்பிட்டு ஃபீஸ் எங்க கட்ட?" என்பார் அப்பா. கெட்டவர் இல்லை, பயந்தவர்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு அபார்ட்மென்டுக்குப் பின்னால் ஓடும் ஓடைக்கரையில் நடந்தாள். அப்போது ஆலனில் வீடுகளைவிட வெற்று வயல்களே அதிகம். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதன் வாசலில் என் ஸ்கூல் பஸ் டிரைவர் லிண்டா, கயிற்றில் தலைகீழாகத் தொங்கிய, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையும் அடர்ந்த மயிருமான ஒரு ரக்கூனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பொறி வைத்துப் பிடிப்பது அவளுக்குக் கைவந்த கலை, உரிப்பது அவள் புருஷனின் பொறுப்பு. அந்த வருடம் அவன் முதுகு வலியில் படுத்துவிட்டான். அம்மா சிறிது நேரம் பார்த்தாள். பிறகு பொறுக்கவில்லை. விறுவிறுவென்று போய் "நோ, நோ, நாட் லைக் தட்" என்று லிண்டாவின் கையிலிருந்த கத்தியை வாங்கிவிட்டாள். முன்பின் பழக்கமில்லாத ஒருத்தியின் கையிலிருந்து கத்தியைப் பிடுங்குவது டெக்சாஸில் எவ்வளவு துணிச்சலான காரியம் என்று எங்களுக்குத் தெரியாது. தலையணை உறையைக் கழற்றுவதுபோல அந்தத் தோல் ஒரு கிழிசல் இல்லாமல் கழன்று வந்தது. அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு அமைதியை ஒன்றரை வருடத்தில் நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து, காலை பஸ் சவாரி முடிந்ததும் லிண்டாவின் பழைய டிரக்கில் இருவரும் பொறி பார்க்கப் போனார்கள். லீவு நாட்களில் நானும் நடுவில் உட்கார்ந்து போவேன். அது என்ன பிழைப்பு என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. ஓடையிலும், பெக்கான் கொட்டைத் தோப்பு வைத்திருந்த இரண்டு விவசாயிகளின் நிலத்திலுமாக முப்பது பொறி. ஒவ்வொன்றையும் தினமும் பார்த்தாக வேண்டும். முழங்கால் அளவு சேற்றில் இறங்கி ஏறினால் பாதிப் பொறிகள் காலியாக இருக்கும், ஒன்றில் ஒரு டாலர்கூடப் பெறாத 'பாசம்' என்கிற பெருச்சாளி மாதிரிப் பிராணி பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும், நாற்றத்தைப் பீய்ச்சியடிக்கும் ஸ்கங்க் மாட்டினால் அன்றைய நாள் அதோடு முடிந்தது. ரக்கூன் இருந்தால் லிண்டா சிறிய துப்பாக்கியை எடுப்பாள். அம்மா டிரக்கின் பக்கம் திரும்பி நிற்பாள். செத்ததை அறுப்பதில் அவளுக்குக் கூச்சமே கிடையாது, சாவதைப் பார்க்கத்தான் முடியாது. நான் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை மட்டும் திறந்து வைத்திருப்பேன்.

உரித்தபின் கொழுப்பைச் சுரண்ட ஒரு மணி நேரம், கம்பிச் சட்டத்தில் இழுத்து மாட்டிக் காயவைக்க ஒரு வாரம். ஓட்டை விழுந்தால் விலை பாதி. கொழுப்பு மிஞ்சினால் தோல் வெந்துபோகும். இத்தனைக்கும் பிறகு நல்ல தோல் ஒன்றுக்குப் பத்து டாலர் கிடைத்தால் பெரிய காரியம்; டெக்சாஸ் குளிருக்கு மயிர் அடர்த்தியாக வளராது, வடக்கத்தித் தோலுக்குத்தான் மவுசு. பெட்ரோலையும் நேரத்தையும் கழித்துப் பார்த்தால், பர்கர் கடையில் நின்றிருந்தால் இதைவிட அதிகம் கிடைத்திருக்கும். அம்மாவுக்குத்தான் பர்கர் கடைக்கும் கொடுப்பினை இல்லையே.

இரைக்கு லிண்டா டப்பா மத்தி மீன் வாங்குவாள், அது ஒரு செலவு. ஊரில் எலிப்பொறிக்குக் கருவாடு வைத்துப் பழகிய அம்மா, தூத்துக்குடியிலிருந்து பெட்டிக்குள் ஏழு கவர் சுற்றிக் கொண்டுவந்த நெத்திலியை எடுத்துக்கொண்டு போனாள். வீடுகளுக்குப் பக்கத்தில் வைத்த கம்பிக் கூண்டுகளில் மறுநாள் மூன்று பூனைகள், அவற்றில் ஒன்று கழுத்தில் மணி கட்டியது, எங்கள் அபார்ட்மென்ட் மேனேஜருடையது. லிண்டா டிரக் மேல் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அதன்பின் கருவாட்டைத் தோப்புப் பக்கம் மட்டும் வைத்தார்கள். ரக்கூன்கள் விருந்துக்கு வரும் திருநெல்வேலி மாப்பிள்ளைகளைப் போல வந்து விழுந்தன.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை, தீவனக்கடையின் பார்க்கிங் லாட்டுக்குத் தோல் வியாபாரி ஒருவர் டிரக்கில் வருவார். தோலை உதறி, மயிருக்குள் ஊதிப் பார்த்து, விலை சொல்வார். அம்மா உரித்ததை மட்டும் இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு யார் கை இது என்று கேட்டார். லிண்டா பெருமையாக அம்மாவை முன்னே தள்ளினாள். வந்த பணத்தில் பாதியை அங்கேயே எண்ணிக் கொடுத்தாள். அம்மா முதலில் மறுத்தாள். பிறகு, யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, வாங்கிக்கொண்டாள். இரண்டு விற்பனையில் நூற்று நாற்பது டாலர். இன்னும் ஒரு விற்பனை, படிப்பில் சேர்ந்துவிடலாம். "அப்பாட்ட நானே சொல்லுதேன், நீ வாயத் தொறந்தே, தோல உரிச்சிருவேன்" என்றாள் என்னிடம். அந்தக் குளிர்காலத்தில் அதை வெறும் மிரட்டலாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

இருந்தும் திறந்தேன். கிறிஸ்துமஸ் முடிந்து செல்வின் அங்கிள் வீட்டில் தமிழ் ஜெபக்கூட்டம், மதியச் சாப்பாட்டுத் தட்டோடு நின்ற ஒரு ஆன்ட்டி என் கன்னத்தைக் கிள்ளி, "அம்மா வீட்ல சும்மாதானே இருக்காங்க, போர் அடிக்கலையாமா?" என்றாள். அந்தச் 'சும்மா' எனக்குச் சுருக்கென்றது.

"சும்மா இல்ல ஆன்ட்டி. அம்மா ரக்கூன் தோல் உரிக்கிறாங்க. ஹன்ட்ரட் ஃபார்ட்டி டாலர்ஸ் சம்பாதிச்சுட்டாங்க."

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு செல்வின் அங்கிள் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். "தம்பி, டிபென்டன்ட்ல இருந்துக்கிட்டு காசு வாங்குறதா? இமிகிரேஷன்காரனுக்குத் தெரிஞ்சா உங்க மொத்த ஃபைலும் குளோஸ். விளையாட்டு இல்ல."

அப்பாவின் தட்டில் சோறு அப்படியே இருந்தது. காரில், "எல்லாரையும் நடுத்தெருவில நிறுத்தப் பாத்தியே" என்று அம்மாவிடம் ஒரே ஒருமுறை சொன்னார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் அப்பா அந்தப் பணத்தை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு லிண்டாவிடம் போனார், நானும் கூடப் போனேன். இது அவள் உழைத்த பணம், இதை ஏன் திருப்பித் தருகிறாய் என்று லிண்டா திரும்பத் திரும்பக் கேட்டாள். கடைசியில் கவரைத் தோல் சுரண்டும் பலகையின் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டோம்.

ஜனவரி போயிற்று. அம்மா காலேஜில் சேரவில்லை. அவள் உழைக்கலாம் என்று சீட்டு வர இன்னும் ஆறு வருடம் ஆனது. அதற்குள் அவளுக்கு நாற்பதாகி, கிடைத்த டே-கேர் வேலையில் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்தே ஓய்வு பெற்றாள். அந்தக் குளிர்காலத்துக்கு மறு வருடமே, தோலை அதிகம் வாங்கிவந்த ரஷ்யாக்காரர்கள் வாங்குவதை நிறுத்தித் தோல் விலை விழுந்தது என்று வியாபாரி வருவது நின்றது. லிண்டா வீட்டை விற்றுவிட்டு ஒக்லஹோமா பக்கம் போய்விட்டாள்.

போன டிசம்பரில், நான் இப்போது இருக்கும் சான் ரமோனிலிருந்து ஆலனுக்குப் போயிருந்தபோது, அம்மாவை அந்தப் பக்கம் காரில் கூட்டிப்போனேன். தோப்பு இருந்த இடத்தில் வரிசை வீடுகள். ஓடைக்கரையில் சிமென்ட் போட்டு, ஓடுகிறவர்களுக்குப் பாதை. கொட்டகை எங்கே இருந்தது என்று கைகாட்டக்கூட முடியவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நெஞ்சில் வைத்திருந்ததை அங்கே காரை நிறுத்திச் சொன்னேன்: "என்னாலதானம்மா எல்லாம் நின்னுபோச்சு."

அம்மா என்னை வேடிக்கையாகப் பார்த்தாள். "எது நின்னுபோச்சு? நான் பிப்ரவரி கடைசி வரைக்கும் போனேனே. நீ ஸ்கூலுக்குப் போனதும் போவேன், ரெண்டு மணிக்கெல்லாம் குளிச்சிருவேன். காசு வாங்கினாத்தானே உங்கப்பாவுக்குப் பயம்? வாங்கல."

"ஒண்ணுமே வாங்காமயா?"

"அந்த அபார்ட்மென்ட்ல உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும்ட்டீ" என்றாள் அம்மா, "காசு குடுத்தாவது போயிருப்பேன்."