மாமன் மடியில் அம்மை குத்தியது

மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போன அன்று பெரிய டீச்சர் பிறந்த தேதியைக் கேட்கவில்லை, அப்பா பேரைக் கேட்கவில்லை. "சட்டைக் கையைத் தூக்கும்மா" என்றார். தூக்கினாள். கை வழவழவென்று இருந்தது. டீச்சர் என்னைப் பார்த்து, "அம்மை குத்தலையா?" என்றார். தழும்பு இருக்க வேண்டும், இல்லையென்றால் சர்டிபிகேட் இருக்க வேண்டும், இரண்டும் இல்லாத பிள்ளையை ரிஜிஸ்டரில் ஏற்ற முடியாது, வெள்ளிக்கிழமையோடு சேர்க்கை முடிகிறது என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். எழுபதுகளின் தொடக்கம் அது. செல்லூரில் எங்கள் சந்திலிருந்து சின்னப் பிள்ளை நடந்துபோகிற தூரத்தில் அந்த ஒரு பள்ளிக்கூடம்தான்.

நான் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. அந்தச் சான்று இல்லை, இந்தச் சான்று இல்லை என்று நாளெல்லாம் ஆட்களைத் திருப்பி அனுப்பிப் பிழைக்கிறவன். அவர்களுக்கு என்ன கோபம் வரும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வீடு வந்து சேரும்வரை அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே வந்தேன். மகள் சிலேட்டு எப்போது வாங்கித் தருவாய் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஐந்து வயதுவரை அம்மை குத்தாமல் எப்படி விட்டோம் என்றால், எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு காரணம் இருந்தது. முனிசிபாலிட்டி ஆள் தெருவுக்கு வரும்போதெல்லாம் மனைவி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிடுவாள். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுத் தறிக்காரர் பிள்ளைக்கு அம்மை குத்திக் கை வீங்கி மூன்று நாள் காய்ச்சலில் கிடந்ததைப் பார்த்துப் பயந்திருந்தேன். ஆபீசில் மட்டும் அம்மை குத்துவதன் அவசியத்தைப் பற்றி நன்றாகப் பேசுவேன். ஊருக்குத்தானே உபதேசம்.

மனைவியின் காரணம் வேறு. அவள் பேரையூர்ப் பக்கத்தில் வெள்ளாமை செய்யும் சம்சாரி வீட்டுப் பெண். பிள்ளையின் உடம்பில் நாமாக ஊசி வைத்து வரவழைக்கிற முதல் ரத்தம் தாய்மாமன் மடியில்தான் வர வேண்டும் என்பது அவள் கட்சி. காதுகுத்து அப்படித்தான் நடக்கும். மாமன் வராமல் ஆசாரி ஊசியை எடுக்க மாட்டார். எங்கள் மகளுக்குக் காதும் குத்தவில்லை. மூளிக் காதோடு திரிந்தாள். மாமன் இல்லாமல் இல்லை. ஒரே மாமன், ஊரில் குத்துக்கல்லாட்டம் இருந்தான். எங்கள் வீட்டுப் படியேறி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

அதற்கு நான்தான் காரணம். கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்து. மனைவியின் தம்பி பாயச வாளியோடு பந்தியில் பரிமாறிக்கொண்டு வந்தான். சின்ன வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தவன், முகமெல்லாம் குழி. எனக்குப் புது மாப்பிள்ளைத் திமிர், நாலு பேர் சிரிக்க வேண்டும். "மாப்ள, மூஞ்சியக் கொஞ்சம் குடுங்க, பணியாரம் சுட்டுட்டுத் தாரேன்" என்றேன். பந்தியே சிரித்தது. அவனும் சிரித்தான். வாளியைக் கீழே வைத்தான், கையைக் கழுவினான், போய்விட்டான். என் இலையில் பாயசம் விழவே இல்லை.

டீச்சர் திருப்பி அனுப்பிய அன்று சாயங்காலம் மனைவியிடம் வாதாடிப் பார்த்தேன்.

"நேத்துத் தெருவுல விழுந்து முழங்காலெல்லாம் ரத்தம். அதுக்கு ஒன் தம்பியக் கூப்பிட்டமா?"

"அது அவளா விழுந்தது. இது நாமளாச் செய்யிறது" என்றாள். "நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு வந்து நிப்பா? எந்தம்பி மடியில வச்சுத்தான் செய்யணும்."

குத்தாமலே குத்தியதாக சர்டிபிகேட் வாங்கித்தர ஆபீசில் ஒருவர் தயாராக இருந்தார். அதையும் சொல்லிப் பார்த்தேன். பெரிய சலுகை கொடுப்பதாக நினைப்பு.

"பெரியம்மை வந்து சர்டிபிகேட்டப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருமா?" என்று கேட்டாள்.

குத்த வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்குத்தான் பயம். அவளுக்குத் தம்பி வேண்டும், அவ்வளவுதான்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு வெற்றிலை, பாக்கு, பழத்தோடு பஸ் ஏறினேன். திருமங்கலம் தாண்டும்போது மன்னிப்பாக நாலு வாக்கியம் தயார் செய்தேன். கல்லுப்பட்டியில் அது மூன்றாகக் குறைந்தது. பேரையூரில் இறங்கி, பொட்டல் காட்டு வழியே நடந்து போய்ச் சேர்ந்தபோது ஒன்றும் மிச்சமில்லை.

மச்சினன் கிணற்றுமேட்டில் மோட்டாரைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தான். "வாங்க மச்சான்" என்றான். ஆறு வருஷத்தில் ஒரு சுற்றுப் பருத்திருந்தான்.

"அக்கா சொல்லி வந்தீகளா, நீங்களா வந்தீகளா?"

"பள்ளிக்கூடத்துல சொல்லி வந்தேன் மாப்ள."

அவன் சிரிக்கவில்லை. அவன் முன்னால் தமாஷ் பேசினால் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்தும் எனக்கு வாய் நிற்கவில்லை. பிறகு ஒழுங்காக விஷயத்தைச் சொன்னேன். கடைசிவரை கேட்டான்.

"என்னைக்குக் குத்துறாக?"

"நாளைக்கு."

கையில் இருந்த மசகைத் துணியில் துடைத்துவிட்டு வெற்றிலைப் பையை வாங்கிக்கொண்டான். "வாரேன்" என்றான்.

மறுநாள் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனால், முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரி வாசலில் எங்களுக்கு முன்னால் வந்து நின்றான். சலவை வேட்டி, தோளில் ஒரு வாழைத்தார், கையில் தாம்பாளம், அதில் தேங்காயும் பட்டுப்பாவாடையும். காதுகுத்துக்கு வருகிற மாமன் என்னென்ன கொண்டு வருவானோ அத்தனையும் இருந்தது. அம்மை குத்துகிறவர் வாழைத்தாரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "கல்யாண மண்டபம் அடுத்த தெரு" என்றார். இல்லை சார், அம்மை குத்தத்தான் என்றேன். பெஞ்சைக் காட்டினார்.

மச்சினன் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டான். மனைவி பக்கத்தில் நின்றாள். அவள் மாமனைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு விரலால் அவன் கன்னத்தைத் தொட்டு, "மாமா, ஒங்க மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு?" என்று கேட்டாள்.

அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறது என்று நினைத்தேன். அவன் கோபப்படவில்லை.

"ஒன் வயசுல எங்க ஊருக்கு அம்மை குத்துறவுக வந்தாக தாயி. எங்கய்யா என்னையத் தூக்கிக் குலுக்கைக்குள்ள எறக்கி மூடிட்டாரு. கம்பு, சோளம் கொட்டி வைக்கிற பெரிய மண் குலுக்கை."

"எதுக்கு?"

"ஒத்த ஆம்பளப் பிள்ளை, எம்மேல அம்புட்டு உசுரு. ஊசி பட்டா ஏதாவது ஆயிருமோன்னு ஒளிச்சு வச்சாரு. ஒங்கம்மாவ ஒளிக்கல. பொம்பளப் பிள்ளைதானன்னு வாசல்லயே விட்டுட்டாரு. அதுக்குக் குத்திட்டுப் போயிட்டாக."

அம்மை குத்துகிறவர் இந்தச் சமயம் பார்த்து ஊசியை மருந்தில் தொட்டுப் பிள்ளையின் கையில் குத்த ஆரம்பித்திருந்தார். அவள் முகத்தைச் சுளித்தாள், ஆனால் கதையை விடவில்லை. "அப்பறம்?"

"அப்பறம் ரெண்டு வருசத்துல ஊருக்கே அம்மை வந்துச்சு. ஒங்கம்மா என் பக்கத்துலயே ஒக்காந்து வேப்பங்கொழையால வீசிக்கிட்டுக் கெடந்துச்சு. அம்மை அத ஒண்ணும் செய்யல. எனக்கு மூஞ்சி இப்பிடி ஆயிருச்சு."

குத்தி முடிந்துவிட்டது. அம்மை குத்துகிறவர் சர்டிபிகேட் எழுத உள்ளே போனார். நான் சொல்லிவிட்டேன்.

"மாப்ள, அன்னைக்கு நான் பேசுனது தப்பு. பெரிய தப்பு."

"நீங்க அப்பத்தான மச்சான் எங்க வீட்டுக்கு வந்தீக. ஒங்களுக்கு என்ன தெரியும்? ஊருக்குள்ள அதவிடப் பேசியிருக்காக." பிள்ளையின் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டான். "அக்காவும் சிரிச்சுச்சு."

பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவள் சிரித்தாளா என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆறு வருஷமாக என்னால்தான் அவன் வரவில்லை என்று நினைத்திருந்தேன். தன் சிரிப்பும் காரணம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் அத்தனை வருஷமும் மாமன் மடி, மாமன் மடி என்று பிடிவாதம் பிடித்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்காகவும் துக்கமாக இருந்தது.

சர்டிபிகேட் வந்தது. வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "கெளம்புவோமா?" என்று பிள்ளையைத் தூக்கக் கையை நீட்டினேன். மனைவி என் கையை விலக்கிவிட்டாள். தம்பியின் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"இன்னங் கொஞ்ச நேரம் ஒன் மடியிலயே இருக்கட்டும், தம்பி."