தேவகி கண்ட கொழுப்புத் துளிகள்

தேவகி இறந்துவிட்டார் என்று ஆய்வகத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது, நான் பிரிக்பீல்ட்ஸில் தோசைக்குக் காத்திருந்தேன். மாரடைப்பாம். நீங்களெல்லாம் அவரைப் பற்றி நாலு வரி எழுதினீர்கள். எனக்குக் கை வரவில்லை. ஏன் என்பதை அவரோடு வேலை செய்த உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

புற்றுக்கட்டியை மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, ஸ்லைடாக்கித் தருவது அவர் வேலை. அதைப் பார்த்து ஆராய்வது என் வேலை. ஒருநாள், மருந்துக்கும் சாகாத கட்டி ஒன்றில் வெள்ளை வெள்ளையாக ஓட்டைகள். "என்ன தேவகி இது, ஒரே ஓட்டை! தூக்கிப் போடுங்க" என்று எல்லோர் முன்னிலையிலும் எரிந்து விழுந்தேன்.

"ஓட்டை இல்ல டாக்டர். கொழுப்பு இருந்த எடம். நாமதான் ஆல்கஹால் ஊத்தி கரைச்சிட்டோம்" என்றார். நான் காதில் வாங்கவில்லை.

மறுவாரம், கொழுப்பு கரையாதபடி கட்டியை உறைய வைத்துச் சீவி, சிவப்புச் சாயமேற்றிக் கொண்டுவந்தார். ஓட்டை இருந்த இடமெல்லாம் சிவப்புத் துளிகள். "வெள்ளம் வரும்னு சார்டின் டின் அடுக்கி வைக்கிற எங்க கிள்ளான்காரங்க மாதிரி லா இந்தப் புற்று செல்லுங்க. மருந்து வந்தா டின்ன ஒடைச்சு சாப்பிடுதுங்க. வெள்ளம் வடிஞ்சதும் மிச்சத்த வச்சே புதுசா சுவர் கட்டிக்குதுங்க" என்றார். அந்தக் கொழுப்பை எடுக்க விடாமல் தடுத்துப் பார்த்தோம். பெரும்பாலான புற்று செல்கள் செத்தன.

இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையில் என் பெயர் முதலில் வந்தது. அவருக்குக் கடைசியில் ஒரு வரி நன்றி. ஸ்லைடு போடுபவர்கள் பெயரைச் சேர்க்கும் வழக்கம் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சேர்த்திருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள்.

அதைவிடக் கேவலம், கருத்தரங்கில் சார்டின் டின் கதையையும் நானே சொன்னேன். அரங்கமே சிரித்தது. "டாக்டர் கிள்ளானா?" என்று ஒருவர் கேட்டார். பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த நான், ஆமாம் என்றேன். பின்வரிசையில் இருந்த தேவகி வெளியே வந்ததும், "எங்க ஊர்ல எந்தத் தாமான்ல வீடு டாக்டர்?" என்று மட்டும் கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன்.

கிள்ளானில் துக்கத்துக்குப் போயிருந்தபோது அவர் மகள் கேட்டாள்: "அங்கிள், அம்மா லேப்ல என்னதான் செஞ்சாங்க?"

"ரொம்ப சுத்தமா ஸ்லைடு போடுவாங்கம்மா" என்றேன். அங்கேயும் உண்மை வாயில் வரவில்லை.

வெட்கமாக இருக்கிறது. கட்டுரையில் அவர் பெயரைச் சேர்க்கச் சொல்லி இதழுக்கு எழுதிவிட்டேன். அவர் இருக்கும்போதே செய்திருக்க வேண்டியது அது. நேற்று மறுபடியும் கிள்ளானுக்குப் போய் அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா ஒங்கள பத்தி வீட்ல அவ்ளோ நல்லா பேசுனாங்க?" என்றாள்.

தேவகியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான்.