இரண்டாம் பக்கத்துத் திருத்தம்

ஊர் அவளைக் கத்தரியக்கா என்றுதான் கூப்பிட்டது. வாரப் பத்திரிகைக்கு எவன் எதை எழுதிக்கொண்டு வந்தாலும் பாதியை வெட்டாமல் அச்சுக்கு அனுப்ப மாட்டாள். கவிதை எழுதும் பல் டாக்டர், அவள் இருக்கையில் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மாடிப்படி ஏறுவார்.

பத்திரிகை அப்பா தொடங்கியது. அவர் கண்ணை மூடியதும் ஆசிரியர் நாற்காலியில் தம்பி உட்கார்ந்தான். ஒரே வருடத்தில் அது கசந்துவிட, பெருநகரத்தில் வேலை கிடைத்ததென்று பெட்டியைக் கட்டினான். பதினோரு வருடம் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை வருடமும் செய்தி தேடி அலைந்தது, எழுதியது, பிழை பார்த்தது, நகராட்சித் தலைவரின் ஆட்கள் வந்து மேசையைக் கவிழ்த்தபோது தாள்களைப் பொறுக்கி அடுக்கி அந்த வார இதழையும் கொண்டுவந்தது, எல்லாம் அக்கா. அங்கே வேலை போனதும் தம்பி திரும்பி வந்தான். உயிலில் பத்திரிகை அவன் பேரில் இருந்தது. அவள் ஓரத்து மேசைக்குப் போனாள். அன்றிலிருந்து இருபது வருடம், ஒரே கூரையின் கீழ், துண்டுச் சீட்டில்தான் பேச்சு.

ஐம்பதாவது ஆண்டு மலரில் பத்திரிகையின் வரலாற்றை ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதினான் தம்பி. எல்லாப் பக்கமும் அவள் கண்ணில் பட்டுத்தான் அச்சுக்குப் போகும். அது மட்டும் படாமல் போயிற்று. ஊரோடு சேர்ந்து அவளும் வெள்ளிக்கிழமை காலையில்தான் படித்தாள். அவளுடைய பதினோரு வருடம் ஒரு வரியில் இருந்தது: ‘இடையில் சில காலம் நலம் விரும்பிகளின் ஒத்துழைப்பால் இதழ் தடையின்றி வெளிவந்தது.’

நலம் விரும்பி! நாற்காலி போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். இது அச்சில் நின்றுவிட்டால் அவள் உழைத்ததே பொய் என்றாகிவிடும்.

அந்தப் பத்திரிகையில் ஒரு விதி உண்டு, அவளே போட்டது. செய்தியில் தப்பு கண்ட வெளியாள் யாரும் நேரில் வந்து, முன்மேசையில் கிடக்கும் பதிவேட்டில் எழுதி, ஆதாரம் காட்டிக் கையெழுத்துப் போடலாம். அடுத்த இதழின் இரண்டாம் பக்கத்தில் திருத்தம் வந்தே ஆகும். ஊர்க்காரர்கள் முதலில் புரட்டுவதே அந்தப் பக்கத்தைத்தான். அதனால் தம்பியும் அதில் கைவைத்ததில்லை.

திங்கட்கிழமை அவள் தன் மேசைக்குப் போகவில்லை. விளம்பரம் கொடுக்க வந்தவர்களோடு வரிசையில் நின்றாள். முறை வந்ததும் பதிவேட்டில் எழுதினாள். பழைய இதழ்க் கட்டுகளை இறக்கச் சொல்லி, ஒவ்வொன்றிலும் கடைசிப் பக்கத்து அடியில் பொறுப்பாசிரியர் என்று தன் பெயர் இருப்பதை விரித்து வைத்தாள்.

தம்பி அறையிலிருந்து பாய்ந்து வந்தான். சீட்டு எழுத நேரமில்லை போலும்.

“என்ன கூத்து இது? ஆபீஸ் ஆளுங்க இதுல எழுதக் கூடாதுன்னு நீதானே சட்டம் போட்ட?”

“ஓ, நான் ஆபீஸ் ஆளா? உன் வரலாறுல அப்படி ஒருத்தியே இல்லையேடா!”

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வேறு யார், பல் டாக்டர்தான். தம்பியின் முகம் கறுத்தது.

“சரி, வெளியாளாவே இரு. எழுதித் தொலை. போட்டுடறேன். ஆனா திருத்தம் வர்ற அன்னைக்கே உன் மேசையைக் காலி பண்ணணும். வெளியாளுக்கு உள்ள என்ன வேலை?”

கையெழுத்துப் போடப் போன பேனா நின்றது. இருபது வருட மேசை. விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை; கண்கூடக் கலங்கியது. அவன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அந்த வாரம் ஒரு பக்கம்கூட அவளிடம் வரவில்லை. தம்பியே எல்லாவற்றுக்கும் பிழை பார்த்தான். வெள்ளிக்கிழமை இரண்டாம் பக்கத்தில் வந்திருந்தது: ‘சென்ற இதழின் வரலாற்றில் பிழை. இடைப்பட்ட பதினோரு ஆண்டுகள் இதழை நடத்தியவர் ஆசிரியரின் தமக்கை.’ பெயரும் இருந்தது.

இரண்டு முறை படித்தாள். மேசையைத் துடைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தவளை வாசலில் மறித்தான்.

“ஒழிஞ்சதுடா சாமி. இனிமே இந்தப் படி ஏறிடாதே!”

அவள் அவனைச் சுற்றிப் போய் முன்மேசையில் பதிவேட்டைத் திறந்தாள்.

“தீப்பிடிச்சது மரக்கடை. நீ துணிக்கடைன்னு போட்டிருக்க. முதல் பக்கத்துலயே இதோட மூணு தப்பு. தள்ளி நில்லு, வெளியாள் எழுதணும்.”