சிவப்பு மூலை அட்டைகள்

என் பெரியம்மா நர்ஸாகி இருபத்து மூன்று வருடம் ஆகிறது. அத்தனை வருடமும் ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான்.

அங்கே நோயாளிகளின் அட்டைகள் ஒரு மரப்பெட்டியில் இருக்கும். சில அட்டைகளின் வலது மூலையில் சிவப்பு மை தடவியிருக்கும். எந்த அரசாணையிலும் அது கிடையாது, பெரியம்மாவாக ஆரம்பித்த வழக்கம். பதினொன்றரை பஸ்ஸை விட்டால் சாயங்காலம் வரை காத்துக் கிடக்க வேண்டிய தூரத்து ஆட்களை முதலில் பார்த்து அனுப்புவதற்காக. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு கர்ப்பிணி வெயிலில் நடந்தே போய் வழியில் மயங்கி விழுந்தாளாம். மறுநாள் பெரியம்மா கடைக்குப் போய் ஒரு புட்டி சிவப்பு மை வாங்கி வந்தார்.

போன வருடம் மத்திய அரசு தேசிய சுகாதாரச் சேவையைக் கலைத்து மாநிலங்களின் கையில் கொடுத்தது. கொடுத்ததே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதிகாரப் பரவலைப் பற்றிப் பரீட்சையில் எட்டுப் பக்கம் எழுதி, வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கியவன். முடிவுகள் மக்களுக்குப் பக்கத்தில் எடுக்கப்படும் என்று அதில் எழுதியிருந்தேன். நடந்தது வேறு. தலைநகரத்திலிருந்து புறப்பட்ட அதிகாரம் மாநிலத் தலைமையகம் வரை வந்து, அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. அதற்குக் கீழே, பெரியம்மா வரை இறங்கி வந்தது மெமோ மட்டும்தான்.

மாநில எல்லை பாலத்தின் நடுவில் போகிறது. பழைய சேவைக்கு அது ஒரு பொருட்டே இல்லை, அக்கரை ஆட்களும் இங்கேதான் வருவார்கள். இப்போது மாநிலவாரியாக நோயாளிகளைப் பிரிக்க வேண்டும் என்று உத்தரவு. பிரிக்க வந்த நாளில் பெரியம்மா ஊரில் இல்லை. புதிய படிவங்களை நிரப்பும் பயிற்சிக்கு அவரைத் தலைமையகத்துக்கு வரவழைத்திருந்தார்கள்.

வந்த அதிகாரிகள் சிவப்பு மூலையைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் யாரு?" என்று மருந்தாளுநரைக் கேட்டார்கள். அவரை எல்லோரும் 'ஸ்டாம்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். முத்திரை இல்லாத காகிதத்தை அவர் காகிதமாகவே மதிப்பதில்லை.

"தூரத்து ஆளுங்க சார்" என்றார் ஸ்டாம்பு.

அவ்வளவுதான். தூரம் என்றால் அக்கரை, அக்கரை என்றால் அடுத்த மாநிலம் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். ஓர் அட்டையையாவது திருப்பி முகவரியைப் பார்க்க ஒருவருக்கும் கை வரவில்லை. அறுபத்தோரு அட்டைகளைக் கட்டிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பினார்கள், கணினியிலும் பெயர்களை நீக்கினார்கள். அந்த அறுபத்தொன்றில் உண்மையான அக்கரைக்காரர்கள் பத்தொன்பது பேர். மற்றவர்கள் எல்லாம் எங்கள் பக்கத்து மலையடியிலிருந்தும் கல்குவாரியிலிருந்தும் வருகிறவர்கள். அந்தப் பத்தொன்பது பேருக்காவது வழி இருந்ததா? அக்கரையில் புதிய சுகாதார நிலையம் வெள்ளையடித்து, போர்டு மாட்டி, பூட்டிக் கிடந்தது. அட்டைக்கட்டு காவலாளியின் அறையில் கிடந்தது.

அடுத்த திங்கட்கிழமை பெரியம்மா மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் போனார். கொடுக்கப் போன நான் நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். குவாரிப் பக்கத்திலிருந்து வரும் பெயின்டர் ஒருவர் மருந்து ஜன்னலில் நின்றிருந்தார்.

"உங்க பேரு இல்லையே" என்றார் ஸ்டாம்பு.

"நாலு மாசமா இருந்துச்சே சார். எங்க போச்சு?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம் மாத்திட்டாங்க."

"என்னை இங்கயே விட்டுட்டா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெயின்டரும் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அவருக்குக் காசநோய். ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். நடுவில் விட்டால் நோய் மருந்துக்கு அடங்காமல் போய்விடும், வீட்டில் இருப்பவர்களுக்கும் பரவலாம். நாலு மாதம் முடிந்திருந்தது. கையில் மூன்று நாள் மாத்திரைதான் மிச்சம்.

டாக்டர் தொலைபேசியை எடுத்தார். அது மாற்றப்பட்ட நோயாளி, அந்த மாநிலத்தைக் கேளுங்கள் என்றது எங்கள் மாநிலம். எங்கள் நிலையம் இன்னும் திறக்கவில்லையே என்றது அந்த மாநிலம். சுகாதாரம் இப்போது எங்கள் பொறுப்பு இல்லை, இரண்டு மாதம் கழித்துக் கூட்டுக்குழு கூடும்போது எழுதிப் போடுங்கள் என்றது மத்திய அரசு. மூன்று அரசுகளும் சேர்ந்து ஒரு மனிதனின் நுரையீரலை நாதியற்றதாக்கிவிட்டன. அவர் சாப்பிட வேண்டிய மாத்திரையோ ஜன்னலுக்குப் பின்னால், ஆறடி தூரத்து அலமாரியில் இருந்தது.

அலமாரிச் சாவி பெரியம்மாவிடம் இருந்தது.

"கொஞ்சம் தள்ளுங்க சார்."

"சிஸ்டர், தணிக்கையில மாட்டிக்குவீங்க."

"மாட்டிக்கறேன். அவருக்குப் பஸ் வர நேரமாச்சு."

ஒரு மாத மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். பதிவேட்டில் பெயின்டரின் பெயரையும் அதற்கு நேரே தன் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பத்தாம் நாள் மெமோ வந்தது. அட்டை போன இடத்தைத் தேட ஆள் இல்லாத அலுவலகத்துக்கு மெமோ அடிக்க மட்டும் ஆள் இருந்தது. பின்னாலேயே ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். நல்ல மாதிரிதான் பேசினாராம். "தவறுதலா குடுத்துட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சிஸ்டர். கோப்பை மூடிடறேன்."

அன்று சாயங்காலம் பதில் எழுதச் சொல்லிப் பெரியம்மா என்னை உட்கார வைத்தார். வீட்டுக்கு எந்த அரசாங்கக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். கோபத்தைக் காட்டாமல், சிக்கல் வராதபடி, 'தவறுதலாக' என்று தொடங்கி எழுதினேன்.

"அதை அடி" என்றார்.

"ஒரு வார்த்தைதானே பெரியம்மா. எழுதிட்டா தலைவலி தீரும்."

"எனக்குத் தீரும். தவறுன்னு எழுதிட்டா அந்த ஆளுக்கு மாத்திரை கிடையாதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. அடுத்த மாசம் எந்த முகத்தை வெச்சுக்கிட்டுக் குடுப்பேன்? நீ படிச்சவன், நீயே சொல்லு."

எட்டுப் பக்கம் எழுதியவனுக்கு அந்த ஒரு வார்த்தையின் கனம் தெரிந்திருக்கவில்லை. அதை அடித்துவிட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'தெரிந்துதான் கொடுத்தேன். அவர் இந்தப் பக்கத்து ஆள். அந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும் கொடுத்திருப்பேன். அறுபத்தோரு அட்டைகளையும் திருப்பி அனுப்பவும்.'

அட்டைகள் வரவில்லை. தண்டனை வந்தது. ஒரு வருட ஊதிய உயர்வு நிறுத்தம், அலமாரிச் சாவி ஸ்டாம்பிடம் ஒப்படைப்பு. சாவியைக் கழற்றிக் கொடுத்த அன்று பெரியம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டார். அடுத்த முறை பெயின்டர் வரும் தேதி காலண்டரில் வட்டமிடப்பட்டிருந்தது.

அந்தத் தேதியில் பெரியம்மாவை வேண்டுமென்றே வெளிமுகாமுக்கு அனுப்பியிருந்தார்கள். இருட்டுவதற்குள் வீடு திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. ஸ்டாம்பு.

"பெயின்டர் வந்தாரா?" என்றார் பெரியம்மா, வாங்க என்றுகூடச் சொல்லாமல்.

"வந்தாரு. கடைசி மாச மாத்திரையையும் வாங்கிட்டுப் போயிட்டாரு. பதினொன்றரை பஸ்ஸுக்கே."

"ஸ்டாம்பு வெச்சா குடுத்தீங்க?"

"வெக்காம குடுப்பேனா? மாநிலத்துது இன்னும் வரலை. பழைய தேசிய சேவை ஸ்டாம்புதான் இருந்துச்சு, அதையே குத்திட்டேன்."

பெரியம்மா குனிந்து செருப்பைக் கழற்றினார். ஸ்டாம்பு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, சிஸ்டருக்கு ஒரு பதில் எழுதினீங்களே, அதோட நகல் இருக்கா? எப்படியும் மெமோ வரும். பேரை மட்டும் மாத்திக்கறேன்."