அவன் பெயரில் போன என் காது

என் மகளுக்குத் தமிழ் விளங்கும். ஆனால் எங்கள் ஆட்கள் வேகமாகக் கதைத்தால் பாதி விளங்காது. அதற்குக் காரணம் நான்தான். அவள் சின்னவளாக இருந்தபோது பஸ்ஸில் ஏறினால் வாய் திறக்க விடமாட்டேன். "தமிழ் கதைக்காதை, ஆக்கள் பாக்கினம்" என்று கையை அமத்துவேன். லண்டனில், வால்தம்ஸ்டோவில் எங்களைப் போன்ற பல வீடுகளில் அதுதான் சட்டம். அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. போன வருடம் அவளே அதைத் தேடிப் புறப்பட்டாள்.

அந்தக் கதை முப்பது வருடத்துக்கு மேல் பழையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் பகுதிப் பெற்றோல் ஷெட்டில் கவுண்டருக்குப் பின்னால் நின்ற தமிழ் ஆளை மூன்று வெள்ளை இளைஞர்கள் "பாக்கி, பாக்கி" என்று எங்கள் நிறத்தவரைத் திட்டும் சொல்லைக் கத்தியபடி இரும்புக் கம்பியால் அடித்தார்கள். மண்டை உடைந்தது. இடது காது செவிடானது. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அதன் பிறகு எங்கள் ஆட்கள் தனியாக ஷிப்ட் செய்யப் பயந்தார்கள். பெண்கள் வாசலிலேயே பொட்டை அழித்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார்கள். சில குடும்பங்கள் லண்டனின் மறுகோடிக்கு, டூட்டிங் பக்கம் குடிபெயர்ந்தன. அந்த ரோட்டால் போகாமல் சுற்றிப் போகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். இதையெல்லாம் பதிந்து வைக்க எங்கள் பகுதி நூலகம் ஒரு வேலையைத் தொடங்கியது. மகள் அதில் சேர்ந்தாள். முடிவில் நூலகச் சுவரில் ஒரு பலகை வைப்பார்கள். அடி வாங்கியவரின் பெயர் அதில் இருக்கும்.

அந்த ஆள் நான். இதை எழுத எனக்கு இத்தனை வருடம் எடுத்திருக்கிறது.

அப்போது நான் வந்த புதிது. என்னுடைய அகதி வழக்கு முடியவில்லை, வேலை செய்ய அனுமதி இல்லை. எனக்கு முன்னமே வந்து அனுமதி எடுத்திருந்த கூட்டாளி ஒருவனின் வேலை அனுமதிக் கார்டில், அவனுடைய பெயரில், வேலை செய்தேன். அந்தக் காலத்தில் எங்களுக்குள் அது பெரிய விஷயமே இல்லை. ஒருவன் கார்டில் மற்றவன் நிற்பான். ஷெட்டில் அவனுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொள்வான். நான் நன்றாகவே பழகியிருந்தேன். ரத்தம் ஓடுகிறது, காதுக்குள் கூவென்று சத்தம், ஆம்புலன்ஸ்காரி பெயர் கேட்கிறாள். நான் அவனுடைய பெயரையும் பிறந்த திகதியையும் ஒரு பிழையில்லாமல் சொன்னேன். அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு பெருமைப்பட்டேன் என்றால் பாருங்கள்.

பொலிஸ் கடிதம் அவன் வீட்டுக்குப் போனது. மூன்று பேரைப் பிடித்திருக்கிறோம், வந்து அடையாளம் காட்டு என்று எழுதியிருந்தார்கள். அவன் கடிதத்தைக் கொண்டுவந்து என் கட்டிலில் இருந்தான். "மச்சான், நான் போனா எனக்கு ஆளைத் தெரியாது. நீ போனா, நீ ஆர் எண்டு கேப்பாங்கள். விடுவம்" என்றான். விட்டோம். அந்த மூன்று பேரும் வீட்டுக்குப் போனார்கள்.

காதை என்ன செய்வது? கேட்டவர்களுக்கெல்லாம், ஊரில் ஆமியின் ஷெல் விழுந்து போன காது என்றேன். அதைக் கேட்டால் மரியாதையாகப் பார்த்தார்கள். வெள்ளைப் பெடியளிடம் அடி வாங்கினேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கார்டுக் கதையும் வெளியே வந்துவிடும். பிறகு கலியாணம் செய்தேன், மனைவிக்கும் ஷெல் என்றே சொன்னேன். அவள் அதை நம்பியே கண்ணை மூடினாள். மகள் பள்ளிக்கூடத்தில் அப்பாவின் காதைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினாள். ஊரில் நடந்த போரை நிறுத்தச் சொல்லி லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் எங்கள் சனம் நாள்கணக்காக நின்ற காலத்தில், ஒலிபெருக்கியைப் பிடித்து என்னுடைய காதைப் பற்றிப் பேசினாள். நான் சனத்துக்குள் நின்று கைதட்டினேன். வேறு என்ன செய்ய?

ஆகவே நூலக வேலைக்கு அவள் என்னிடம் உதவி கேட்டபோது ஓம் என்றும் சொல்ல முடியவில்லை. மறுக்கவும் முடியவில்லை. ஆட்களை அவள் பேட்டி எடுப்பாள்; நான் ஹெட்போனில் கேட்டு டைப் பண்ண வேண்டும். "ஒரு சொல்லும் மாத்தக்கூடாது, அப்பா. சொன்னது சொன்னமாதிரி" என்றாள். இன்னொரு விதியும் இருந்தது. யார் என்ன சொன்னாலும் அதற்கு ஒரு பேப்பரோ இன்னொரு சாட்சியோ வேண்டும். பொட்டு அழித்த பெண்கள், குடிபெயர்ந்தவர்கள் என்று ஒவ்வொருவராக என் வலது காதுக்குள் வந்து கதைத்தார்கள். எனக்கு விழுந்த அடி எத்தனை வீட்டில் விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மகள் ஓடாத குறையாக வந்தாள். "அப்பா, அந்த ஆள் ஆரெண்டு தெரியுமா? எங்கட மாமாதான். இவ்வளவு காலமும் மூச்சே விடேல்லை."

அவள் மாமா என்பது அந்தக் கூட்டாளியை. அவளுடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வந்தவன். நான் ஹெட்போனை மாட்டினேன்.

நன்றாகச் சொன்னான், பாவி. என்னை விட நன்றாகச் சொன்னான். கம்பி எந்தப் பக்கத்தால் வந்தது, கதவு மணி எப்படி அடித்தது, எல்லாம் சரி. காது போனதை மட்டும் விட்டுவிட்டான். ஆஸ்பத்திரியில் நான் அவனிடம் ஒன்று சொல்லியிருந்தேன், உலகத்தில் வேறு யாரிடமும் சொல்லாதது. கவுண்டருக்குக் கீழே காலைச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த புட்டுக்குள் கண்ணாடித் துண்டுகள் கொட்டுப்பட்டுக் கிடந்தன. நிலத்தில் விழுந்து கிடந்த எனக்கு, ஐயோ புட்டு வீணாகிவிட்டதே என்றுதான் முதலில் தோன்றியது. அதையும் சொன்னான். சொல்லிவிட்டு அழுதான். நான் அதற்காக ஒருநாளும் அழுததில்லை. என் சாப்பாட்டுக்கு அவன் அழுகிறான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனாலும் டைப் பண்ணினேன், ஒரு சொல்லும் மாற்றவில்லை.

அடுத்த நாள் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி ஊற்றினான். நான் தொடவில்லை.

"ஏன்ரா?" என்றேன்.

அவன் குனிந்த தலை நிமிரவில்லை. "உன்ர பிள்ளை வந்து பழைய பேப்பரில என்ர பேரைக் காட்டினவள், மச்சான். மாமா, இது நீங்களா எண்டு கேட்டாள். நான் என்னத்தைச் சொல்ல? நானில்லை எண்டா, அப்ப ஆர் எண்டு கேப்பாள்."

"அதுக்கு அழவும் வேணுமா?"

"அது நடிப்பில்லை" என்றான். பிறகு சத்தத்தை உயர்த்தினான். "ஆஸ்பத்திரிக் கடிதமும் என்ர பேர், பொலிஸ் கடிதமும் என்ர பேர். நீயெல்லோ ஊர் முழுக்க ஷெல் எண்டு சொன்னனி. இப்ப வந்து என்னைக் கேக்கிறாய்."

"பலகையில உன்ர பேர் வந்தா, பேரப்பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவியோ?"

அவன் தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளி வைத்தான். காட்டுவான் என்று எனக்கு விளங்கியது. எழும்பி வந்துவிட்டேன். அவனுக்காக நான் கட்டிக் காத்த பொய்யை அவன் தனக்குச் சட்டையாகத் தைத்துப் போட்டிருக்கிறான். நான் சாகும்வரை மன்னிக்கப் போவதில்லை. நல்லவனாக இருந்து கண்டது போதும்.

பலகைக்கு எழுத்துக் கொடுக்க இன்னும் மூன்று நாள் இருந்தது. குசினியில் வைத்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு, ஆம்புலன்ஸ், புட்டு, ஷெல், எல்லாம். முடிந்ததும் அடுப்பை நிறுத்திவிட்டு அறைக்குப் போய் ரெக்கார்டரை எடுத்துவந்தாள். சின்ன வயதிலிருந்தே என் வலது பக்கத்தில் இருந்துதான் கதைப்பாள், கேட்கிற காது அந்தப் பக்கம். அன்றைக்கு மேசைக்கு எதிரே, பேட்டி கொடுக்க வருகிறவர்களுக்கு முன்னால் இருப்பதுபோல் இருந்தாள்.

"முழுப் பேரைச் சொல்லுங்கோ" என்றாள். அப்பா என்று கூப்பிடவில்லை.

சொன்னேன். என் பெயரை அந்தக் கதையோடு சேர்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"நடந்தது உங்களுக்குத்தான் எண்டதுக்குப் பேப்பர் ஏதும் இருக்கா?"

"இல்லை. எல்லாம் அவன்ர பேரில."

"சாட்சி?"

"அவன்தான்."

"வேற?"

நான் தலைமயிரை ஒதுக்கி இடது காதையும் அதற்குப் பின்னால் இருந்த தையல் தழும்பையும் காட்டினேன்.

அவள் ரெக்கார்டரை நிறுத்தவில்லை.

"அது ஷெல் பட்ட காது எண்டெல்லோ சொன்னனீங்கள்" என்றாள்.