இடாப்பில் இல்லாத கிணறு

இது நடந்தது போன வருசத்துக்கு முதல் வருசம், ஆவணி மாதம். வன்னியில ஒரு பிரதேச சபையில வெளிக்கள உத்தியோகத்தரா வேலை செய்யிறன். எந்தச் சபை எண்டு கேக்காதேங்கோ, இன்னும் அங்கதான் சம்பளம் எடுக்கிறன். சபை எண்டவுடன கடைத்தெரு, பட்டணம் எண்டு நினைச்சிடாதேங்கோ. ஒரு கட்டடம், இரண்டு உழவு இயந்திரம், ஒரு தண்ணி பவுசர். மிச்சமெல்லாம் வயலும் குளமும் கச்சான் தோட்டமும் காடும்தான். மாரியில வரி கட்ட வாற சனம் காலில சேத்தோடதான் ஒபிசுக்குள்ள வரும்.

சண்டை முடிஞ்சு சனம் திரும்பி வந்தாலும் எல்லா வளவுக்கும் சொந்தக்காரர் வரேல்ல. சிலர் வெளிநாட்டில, சிலர் உயிரோடயே இல்லை. அந்த வளவுகள் பத்தை பிடிச்சுப் புதர்க்காடாப் போச்சு. பத்தைக்குள்ள கட்டில்லாத கிணறுகள் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். மாடு விழும், ஒருக்கா ஆனைக்குட்டியே விழுந்தது. அதால, இது நடக்கிறதுக்கு மூண்டு நாலு வருசத்துக்கு முதல், சபை என்னட்டை ஒரு வேலை தந்தது. ஒழுங்கை ஒழுங்கையாப் போய், பாதுகாப்பில்லாத கிணறுகளை எல்லாம் இடாப்பில, அதுதான் சபையின்ர பதிவுப் புத்தகத்தில, பதிய வேணும்.

நானும் பதிஞ்சன். முதல் கிழமை வலு உசாராத்தான் திரிஞ்சன். கடைசியா மிஞ்சினது ஊரின்ர அந்தத்தில ஒரு ஒழுங்கை. மலையகத்தில இருந்து அந்தக் காலத்திலயே வந்து காடு வெட்டிக் குடியேறின சனம் இருக்கிற பக்கம். அங்க ஒரு பெரிய பத்தை வளவு. உச்சி வெயில், பாம்புப் பயம் வேற. மோட்டார் சைக்கிளால இறங்கவே இல்லை. அந்தப் பக்கத்தால போன ஒருத்தரை மறிச்சு, "உதுக்குள்ள கிணறு ஏதும் கிடக்கோ?" எண்டு கேட்டன். "தெரியலைங்க" எண்டார். நான் "இல்லை" எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சிட்டு வீட்ட சாப்பிடப் போனன். உண்மையைச் சொன்னால் அண்டைக்கு மத்தியானம் நல்லா நித்திரையும் கொண்டனான்.

பிறகு எனக்கு வவுனியாப் பக்கம் இடமாற்றம் வந்தது. மூண்டு வருசம் கழிச்சுத் திரும்பி வந்த முதல் கிழமையே மேசையில ஒரு கடிதம். கைப்பட எழுதினது, எழுத்துப் பிழை நிறைய. "என் மகன் விழுந்து செத்த கிணறு இன்னும் தொறந்துதான் கெடக்கு, மூடித் தாங்க." அது நாலாவது கடிதமாம். கோப்பைப் புரட்டிப் பாத்தன். நான் இல்லாத காலத்தில ஒரு மாரிக்கு அந்தக் கடைசி ஒழுங்கைப் பக்கத்தில ஒரு பொடியன் கிணத்துக்குள்ள விழுந்து செத்திருக்கிறான். உடன சபை இடாப்பைப் பாத்து, உழவு இயந்திரத்தில கிரவல் மண் ஏத்திக்கொண்டு போய் ஒரு கிணத்தை மூடியும் இருக்கு. பக்கத்து ஒழுங்கையில இருந்த கிணறு. ஏனெண்டால் இடாப்பின்படி அந்தச் சுத்துவட்டாரத்திலயே கிணறு எண்டு அது ஒண்டுதான். அதுக்குப் பிறகு அந்த மனிசி எழுதின கடிதத்துக்கெல்லாம் ஒரே மறுமொழி: கிணறு மூடப்பட்டு விட்டது, வேறு கிணறு அங்கு இல்லை. என்ர பேரோட இருக்கிற அந்த இடாப்புப் பக்கத்தின்ர பிரதியையும் சேத்துத்தான் அனுப்பியிருக்கினம்.

அப்பவாவது எனக்கு விளங்கியிருக்க வேணும். விளங்கேல்ல. பக்கத்து மேசைக்காரர், "அவாக்குத் தலை கொஞ்சம் சரியில்லை, விடுங்கோ" எண்டார். எனக்கோ கோபம். என்ர அறிக்கையைப் பிழை எண்டு சொல்ல இவா ஆர்? அந்தச் சனத்தை எங்கட ஆக்கள் சொல்லுற ஒரு சொல் இருக்கு, அதுவும் மனசுக்குள்ள வந்தது. அதை இஞ்ச எழுத வெக்கமாக் கிடக்கு. கிணறு இல்லை எண்டு இன்னொருக்கா எழுதுவம், இந்த முறை ஃபோனில படமும் எடுத்து வைச்சு எழுதுவம் எண்டு வெளிக்கிட்டன்.

காலமை பதினொரு மணி இருக்கும். மதகடியில மோட்டார் சைக்கிளை விட்டிட்டு, கடிதத்தைச் சட்டைப் பொக்கற்றுக்குள்ள மடிச்சு வைச்சுக்கொண்டு பத்தைக்குள்ள இறங்கினன். கடிதம் எழுதின அந்த அம்மாவின்ர வீட்டு வேலி அங்கால தெரியுது. போய்க் கேட்டிருந்தால் ஒரு நிமிசத்தில காட்டியிருப்பா. கேக்க மனம் இல்லை. முள்ளை விலக்கி விலக்கி ஒரு முப்பது அடி போயிருப்பன். கொடி மூடிக் கிடந்த இடத்தில காலை வைச்சன். காலுக்குக் கீழ நிலம் இல்லை.

விழுந்தது இருபது இருபத்தைஞ்சு அடி இருக்கும். கோடை எண்டபடியால் தண்ணி நெஞ்சு மட்டும்தான். மாரியா இருந்தால் இந்தக் கதையை நான் எழுதியிருக்க மாட்டன். வலது கால் கல்லில அடிபட்டு முறிஞ்சு போச்சு. ஃபோன் தண்ணிக்குள்ள. கீழ சேறு, ஒத்தைக் காலை ஊண்டினால் மெல்ல மெல்லப் புதையுது. சுவரில நீட்டிக்கொண்டு நிண்ட ஒரு வேரைப் பிடிச்சுத் தொங்கிக்கொண்டு கத்தினன். என்ன எண்டு கத்துவன்? நோகேக்க தமிழன் வாயில வாறது ஒரு சொல்தானே. "அம்மா! ஐயோ அம்மா!" எண்டுதான் கத்தினன்.

ஒருத்தரும் வரேல்ல. ரோட்டால ஒரு உழவு இயந்திரம் போச்சு, அந்தச் சத்தத்தில என்ர சத்தம் எடுபடேல்ல. சூரியன் நேர மேல வந்து, பிறகு அங்கால போச்சு. திரும்பக் கத்தினன். அப்ப வேலிக்கு அங்கால ஒரு ரேடியோ போட்டது கேட்டது. அப்பாடா, ஆரோ இருக்கினம் எண்டு இன்னும் உரத்துக் கத்தினன். ரேடியோச் சத்தம் கூடிச்சுது. நான் கூட்டக் கூட்ட அதுவும் கூடுது. பாட்டின்ர ஒவ்வொரு சொல்லும் கிணத்துக்குள்ள தெளிவாக் கேக்குது. "ஆரடா அந்தச் செவிட்டுச் சனியன்!" எண்டு திட்டினன். பிறகு அழுதன். என்ர பிள்ளையளை நினைச்சு, நாப்பத்தொரு வயசுக்காரன், வாய்விட்டு அழுதன்.

மூண்டு நாலு மணி ஆகியிருக்கும். கை விறைச்சுப் போச்சு, வேர் வழுக்குது. இனி விட்டால் முடிஞ்சுது. அப்ப வந்த ஆத்திரத்தில, ஒபிசில சனத்தை வெருட்டுற அதே குரலில கத்தினன். "நான் பிரதேச சபையில இருந்து வந்தனான்! சபை ஆள் கிணத்துக்குள்ள கிடக்கிறன்!"

ரேடியோ நிண்டுது.

பிறகு தூரத்தில ஒரு பொம்பிளைக் குரல். "யாரு?"

"பிரதேச சபை!"

"உசுரோட இருக்கிற ஆளா நீங்க?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "பின்ன செத்த ஆளோ கத்திறது? கயித்தைக் கொண்டு வாங்கோ!"

அதுக்குப் பிறகுதான் ஒரு முகம் மேல தெரிஞ்சுது. ஐம்பது வயசுக்குக் கிட்ட இருக்கும். கிணத்து வாயை ஒரு மாதிரிப் பயந்து பயந்துதான் எட்டிப் பாத்தா. "பேரு என்னங்க ஐயா?" எண்டு கேட்டா. சொன்னன். அவா அப்பிடியே என்னைப் பாத்துக்கொண்டு நிண்டா. கன நேரம் மாதிரி இருந்தது எனக்கு. பிறகு மாட்டுக் கயித்தை எடுத்து வந்து, பாலை மரத்தில ஒரு நுனியைக் கட்டி, மற்ற நுனியை என்னட்ட எறிஞ்சா.

"அக்குளுக்குள்ள சுத்திக் கட்டிக்கிருங்க. தனியா என்னால தூக்க முடியாது, ஆள் கூட்டிக்கிட்டு வர்றேன். ஆனா ஐயா, நான் வர்ற வரைக்கும் கத்திக்கிட்டே இருங்க. நிப்பாட்டிறாதீங்க. கெணத்துல ஆளு கத்துதுன்னு நான் சொன்னா இங்க ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. அவங்க காதால கேக்கணும்."

ஏன் அப்பிடிச் சொல்லுறா எண்டு எனக்கு விளங்கேல்ல. தொண்டை கிழிஞ்சு போச்சு, எண்டாலும் கத்தினன். முதல் வந்தது ஒரேயொரு கிழவர்தான், அதுவும் அவாவைச் சமாதானப்படுத்தி வீட்ட கூட்டிக்கொண்டு போக வந்தவராம். என்ர சத்தத்தைக் கேட்டிட்டு அந்த மனிசன் போட்ட ஓட்டம்! வயலுக்குள்ள நிண்ட நாலைஞ்சு பேர் வந்திச்சினம். பிளாஸ்டிக் கதிரை ஒண்டைக் கயித்தில கட்டி இறக்கி, அதில இருத்தித் தூக்கி எடுத்தாங்கள். நான் அவாவைத் தேடினன். அவா அதுக்குள்ள வீட்ட போயிட்டா.

காலுக்குத் தகடு வைச்சு, இரண்டு மாதம் வீட்டில. கடமை நேரத்தில வந்த காயம் எண்டு சபை சம்பளத்தோட லீவு தந்தது. பாத்தீங்களோ நியாயத்தை! கிணத்தை இடாப்பில ஏத்தி மூடியும் போட்டினம். நான் ஊண்டுகோலோட நடக்கத் தொடங்கின உடன முதல் போனது அந்த வீட்டுக்குத்தான்.

நாங்கள் ஊர்ச்சனத்தை வழமையா "அம்மா" எண்டுதான் கூப்பிடுவம். அண்டைக்கு அந்தச் சொல் வாயில வரேல்ல. "அக்கா" எண்டன். கதிரை போட்டு இருக்கச் சொன்னா, தேத்தண்ணி தந்தா. பிறகு தானாவே சொன்னா.

மகனுக்குப் பத்தொன்பது வயசு. வேற பிள்ளையள் இல்லை. அண்டைக்கு நல்ல மழையாம். மாட்டை அவிழ்க்கப் போனவன். "நான் சோறு வடிச்சிக்கிட்டு இருந்தேன் தம்பி. அம்மான்னு கூப்பிட்டான். இந்தா வர்றேன்டான்னேன். மறுபடியும் கூப்பிட்டான். வர்றேன்னு சொல்றேன்ல, இருடான்னேன். அப்புறம் கூப்பிடலை." தேத்தண்ணி கேட்டுத்தான் கூப்பிடுறான் எண்டு நினைச்சாவாம். அடுத்த நாள்தான் எடுத்திச்சினம்.

அதுக்குப் பிறகு அந்தக் கிணத்துக்குள்ள இருந்து "அம்மா" எண்டு அவாக்கு ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கு. முதல் முதல் ஓடி ஓடிப் போவாவாம். ஊர்ச்சனம் பிடிச்சுக்கொண்டு வந்து கோயிலில நூல் கட்டி விட்டிருக்கினம். கேட்டாலும் போகாத, ரேடியோவைப் போட்டுக்கொண்டு இரு எண்டு புத்தி சொல்லியிருக்கினம். நான் அண்டைக்குக் காலமை தொடக்கம் கத்தினது எல்லாம் அவாக்குக் கேட்டிருக்கு. அதுதான் கூட்டக் கூட்டச் சத்தத்தைக் கூட்டியிருக்கிறா.

"அப்ப எப்பிடி அக்கா வந்தனீங்கள்?"

"எம் புள்ள பிரதேச சபைன்னு கத்த மாட்டானே தம்பி."

ஊண்டுகோலைக் கீழ வைச்சிட்டுச் சொன்னன். "அக்கா, அங்க கிணறு இல்லை எண்டு எழுதினவன் நான்தான். உள்ளுக்க இறங்கிப் பாக்காமல் எழுதினனான். பாத்து எழுதியிருந்தால் உங்கட பிள்ளை..."

"தெரியும்" எண்டா. "அன்னிக்குப் பேரு கேட்டேன்ல. கடுதாசியில படிச்ச பேருதான்."

ஏசியிருக்கலாம், முகத்தில துப்பியிருக்கலாம். கயித்தைக் கையில வைச்சுக்கொண்டு அவா நிண்ட நேரம் என்ன நினைச்சிருப்பா எண்டு கேக்க எனக்குத் துணிவில்லை. அவாக்குக் கேக்க வேற ஒண்டு இருந்தது.

"ஒண்ணு சொல்லுங்க தம்பி. உள்ள இருக்கிற ஆளுக்கு வெளிய பேசுறது கேக்குமா? நான் வர்றேன்டான்னு சத்தமாத்தான் சொன்னேன்."

அந்தக் கிணத்துக்குள்ள கிடந்து உயிரோட வந்த ஆள் நான் ஒருத்தன்தான். மறுமொழி தெரிஞ்ச ஆளும் நான்தான். கேக்கும் எண்டால், தாய் வருவா வருவா எண்டு பாத்துக்கொண்டே அவன் மூழ்கியிருக்கிறான். கேக்காது எண்டால், ஒருத்தரும் இல்லை எண்டு நினைச்சு மூழ்கியிருக்கிறான். எதைச் சொல்லுறது? ஒருக்காப் பாக்காமல் பொய் எழுதினது போதும், இன்னொரு பொய் வேண்டாம் எண்டு பட்டது. "கேக்கும் அக்கா, தெளிவாக் கேக்கும்" எண்டன்.

"அப்ப நான் வருவேன்னு நம்பிக்கிட்டுத்தான் இருந்திருக்கான்" எண்டா. பிறகு எழும்பிக் குசினிக்குள்ள போனா. நான் வெளிக்கிடும் வரைக்கும் திரும்பி வரேல்ல.

இப்ப நான் ஒரு வளவையும் ரோட்டில நிண்டு பாத்து எழுதிறேல்ல, முள்ளுக் கிழிச்சாலும் இறங்கித்தான் பாக்கிறன். ஆனால் அண்டைக்கு நான் சொன்ன அந்த மறுமொழி அவாக்கு ஆறுதலோ, இல்லாட்டி மிஞ்சியிருந்த கொஞ்ச நிம்மதியையும் நான் பறிச்சிட்டனோ எண்டு இன்னும் எனக்கு விளங்கேல்ல, அந்த ஒழுங்கையால போகேக்க நிண்டு அவாவைக் கேக்கவும் முடியேல்ல, பேசாமல் தாண்டிப் போகவும் முடியேல்ல.